வரைதாளுக்கு யார் பணம் தருவது? நெல்லையில் ஆடை வடிவமைப்புக் கல்வியும் தலித் மாணவர்களும்

பட்டியல் சாதியினர் ஒருவர் பொது இடத்தில் புத்தாடை உடுத்துவதையோ செருப்பு அணிவதையோ தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. புத்தாடைக்குக்கூடச் சட்டப் பாதுகாப்பு ஏன் என்று கேட்பவர்கள் 1930 டிசம்பரைத் திரும்பிப் பார்க்கட்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, நகை கூடாது, குடையும் செருப்பும் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆடை என்பது நமக்கு என்றுமே அழகியல் மட்டுமாக இருந்ததில்லை. தாமிரபரணிக் கரையில் இன்றும் நிலைமை அதுதான். நெல்லைப் பள்ளிகளில் கைக்கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2019இல் அந்தக் கயிறுகளுக்கு எதிராகக் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை அரசியல் எதிர்ப்பில் முடங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அக்குழு அளித்த அறிக்கை, வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிறத்தைக் கண்டு ஒதுங்கக் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை, கல்லூரியில் நிறக்கோட்பாட்டை ஒரு பாடமாகப் படிக்க வருகிறது.

அப்படி வருபவர்கள் குறைவு. ஆடைத் தொழிலுக்குள் இப்பகுதித் தலித் பெண்கள் நுழைந்த வழி வேறு. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டிய சுமங்கலித் திட்டத்தில், தென்மாவட்டங்களிலிருந்து கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலை விடுதிகளுக்குப் போனார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலைத் தொழிலாளியான தலித் இளம்பெண் தம் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த போராட்டத்தில்தான், 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் முன்னின்று திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. எந்திரத்தின் முன் அமர நம் பெண்களைத் தேடி ஊருக்குள் முகவர்கள் வந்தார்கள். வரைபலகையின் முன் அமர யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடாவிட்டாலும் சட்டத்தில் வழி இருக்கிறது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத ஒதுக்கீடு உண்டு. சென்னை தரமணி வளாகம் 1995இலிருந்து இயங்குகிறது. அங்கே தோல் வடிவமைப்பு ஒரு பட்டப்படிப்பு. அருந்ததியர் தெருவில் இழிவாக ஒட்டப்பட்ட தோல், அங்கே பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும் நான்காண்டுப் படிப்பு! பொது அறிவுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்தவருக்கு அதுவே முதல் தடை. இன்னொரு தடை நெல்லைக்கு மிகவும் நெருக்கமானது. 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி கிறித்தவத் தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துவதால், மிஷன் ஊர்களின் பிள்ளைகளுக்கு அந்த 15 சதவீதத்தில் இடமில்லை.

நிஃப்டில் இடம் பிடித்துவிட்டால் ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. எண்ணிக்கை வரம்புக்குட்பட்டு, முழுக் கட்டணத்தோடு முதலாண்டு 86,000 ரூபாயும், பின்னர் ஆண்டுக்கு 41,000 ரூபாயும் தரப்படுகின்றன. தங்குதலுக்கும் நூல்களுக்கும் கணினிக்குமான தொகை அது. பொருளில்லாமல் இத்தகைய படிப்பு நடக்காது என்பதை அரசு அறிந்தே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வது அருகிலுள்ள சுயநிதிக் கல்லூரிகளின் ஆடை வடிவமைப்பு இளநிலைப் பட்டப்படிப்பில். அங்கே கிடைப்பது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. தொழிற்கல்வி அல்லாத பட்டப்படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டால், வீட்டிலிருந்து வருபவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய், விடுதி மாணவருக்கு 6,000 ரூபாய். வரைதாள், வண்ணம், மாதிரித் துணி, பூவேலை நூல், கத்தரி, அளவுச் சட்டம், ஒவ்வொரு பருவத்திற்கும் தைத்துக் காட்ட வேண்டிய உடைகள், இறுதியாண்டில் அணிவகுப்பு நிகழ்ச்சி. இவற்றுக்கு அந்த 3,000 எத்தனை வாரம் தாங்கும்? கட்டணம் முழுதும் விலக்கப்பட்டும், துணி வாங்க வழியின்றிச் செய்முறைத் தேர்வுக்குப் போகாமல் நின்ற மாணவிகள் நம்மிடம் வந்திருக்கிறார்கள். ‘படிப்பை விட்டுவிட்டாள்’ என்று கல்லூரி எழுதிக்கொள்கிறது. நாம் அதை இடைநிற்றல் என்று சொல்ல மாட்டோம்.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை உதவித்தொகைச் செலவை 60:40 என்று பிரித்தபின் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஒன்றியத்தின் பங்கு நேரே மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது, அதுவும் தாமதமாக. அதுவரை கல்லூரி காத்திருப்பதில்லை.

இங்கே நாம் பிடிக்க வேண்டிய சட்ட முனை ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்கிறது (ஒதுக்கீட்டில் விடுபட்டவர் இதில் விடுபடவில்லை). திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணம் எது என்பதே கேள்வி. பாடத்திட்டம் ஒரு உடையைத் தைத்துத் தரச் சொல்லி, தராவிட்டால் மதிப்பெண் இல்லை என்றால், அந்தத் துணியின் விலை கட்டாயச் செலவுதான். கல்லூரி அதைத் தன் கணக்கில் வசூலிக்காமல் கடைக்கு அனுப்பிவிடுவதால் மட்டும் அதன் தன்மை மாறிவிடாது. வேதியியல் மாணவர் அமிலத்தைக் கடையில் வாங்கி வருவதில்லை. அது ஆய்வகக் கட்டணத்தில் அடங்குகிறது. ஆடை வடிவமைப்புக்கு மட்டும் ஆய்வகப் பொருள் மாணவரின் தலையில் ஏன்? கல்லூரிகள் இதைக் கட்டணமாகக் காட்டினால் வசூல் பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் பருவத்திற்கு இவ்வளவு என்று ஆதிதிராவிடர் நலத்துறை ஒரு பொருட்படி நிர்ணயிக்க வேண்டும் என்கிறோம்.

பட்டமடைக் கோரைப்பாயும் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையும் வடிவமைப்பு மாணவர்கள் நேரில் சென்று பயிலத் தகுந்தவை. அந்தக் களப்பயணத்துக்கும் ஒரு தொகை கேட்பார்கள். இந்தப் பருவத்தில் சேர்ந்திருக்கும் மாணவர்கள், துறை கட்டாயமாக்கும் பொருட்கள், பயணங்களின் பட்டியலை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். கடை ரசீது ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். அவற்றை இணைத்து மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பத்து மாணவர்களின் ரசீதுகள் சேர்ந்தால் மதுரைக் கிளையில் ஒரு நீதிப்பேராணை மனுவுக்கு அவை போதும்.