பில் என்னும் கல்வெட்டு

அன்புள்ள தம்பி, தங்கைகளே!

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மலைமேல் பழமையான சிவன் கோயில். அதில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. பொதுவாகக் கோயில் கல்வெட்டுகளில் என்ன இருக்கும் தெரியுமா? யார், எப்போது, எவ்வளவு நிலம் கொடுத்தார், எவ்வளவு பொன் கொடுத்தார் என்ற கணக்குத்தான். பின்னாளில் யாரும் பேச்சு மாறிவிடக் கூடாதே!

சரி, கடையில் பொருள் வாங்கும் நமக்கு எது கல்வெட்டு? பில்தான்!

பெருமுக்கல் மாணவி ஒருத்தி திண்டிவனம் கடைத்தெருவில் புதுப் புத்தகப் பை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்தே நாளில் ஜிப் பிய்ந்துவிட்டது. அப்பாவோடு போய்க் கேட்கிறாள். "எங்கள் கடையில் வாங்கியதா? பில் எங்கே?" என்கிறார் கடைக்காரர். பில் இல்லை. வாடிய முகத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

பில் கேட்டால் கடைக்காரர் தவறாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். அது உங்கள் உரிமை. நம் நாட்டில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது இந்தச் சட்டம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள். ஆகவே, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அறிவிப்பு பழுதான பொருளுக்குச் செல்லாது!

பணம் போனால்கூடச் சம்பாதித்துவிடலாம். உடல்நலம் போனால்? 2024 பிப்ரவரியில் நடந்ததைக் கேளுங்கள். பெருமுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில், பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரிந்து, அதன் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது! உணவில் சேர்க்க அதற்கு அனுமதியே கிடையாது. தமிழக அரசும் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்து, அதே மாதம் 17ஆம் தேதி தடையை அறிவித்தது. கண்ணைப் பறிக்கும் நிறம். ஆனால் பையில் தயாரித்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. வயிறு வலித்தால் யாரைப் போய்க் கேட்பது?

அதனால் தின்பண்டப் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி, அதிகபட்ச விலை, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவை இருக்கின்றனவா? பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பில்லோடு கடைக்குப் போய்ப் பணிவாகக் கேளுங்கள். பல பிரச்னைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், வீட்டுப் பெரியவர்களை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசச் சொல்லுங்கள். அதற்கும் பலனில்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பெருமுக்கல்காரர்களுக்கு அது விழுப்புரத்தில். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நாமே கீழே போட்டு உடைத்துவிட்டு, "பொருள் சரியில்லை" என்று சண்டைக்குப் போகக் கூடாது. நேர்மை கடைக்காரருக்கு மட்டுமா? நமக்கும்தான்!

இன்றைக்கே வீட்டில் ஒரு பழைய உறையை எடுத்து, 'பில்கள்' என்று எழுதி வையுங்கள். இனி வாங்கும் பொருள்களின் பில்லையெல்லாம் அதில் போட்டு வைப்பது உங்கள் பொறுப்பு. அடுத்த முறை கடையில், "பில் கொடுங்க அண்ணா" என்று முதலில் கேட்கும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்!

அன்புடன்,
ஆசிரியர்