நாலு வாரம் யார் போட்ட கணக்கு?

போன மாசம் எங்க லேப் சர்வர் படுத்துருச்சு. டிஸ்க் 100 சதவீதம் ஃபுல். ஒரு ஜூனியர் வந்தான். "அண்ணே, வார் லாக் ஃபோல்டர்ல பெரிய ஃபைலா பாத்து ஆர்எம் போட்டா முடிஞ்சது" என்றான். போட்டான். டிஸ்க்கில் இடம் கொஞ்சம்கூட வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

யூனிக்ஸில் ஃபைலின் பெயரை அழிப்பது வேறு, ஃபைலை அழிப்பது வேறு. ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் கெர்னல் அந்த இடத்தை விடாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் இடம் கிடைத்தது. யார், எப்போது, எந்த மெஷினிலிருந்து லாகின் செய்தார்கள் என்ற விவரமும் அத்தோடு போனது.

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கினால்தான் வெள்ளாமை. கண்மாய் நிறைந்துவிட்டது என்று யாராவது கரையை வெட்டி விடுவாங்களா? அதுக்குத்தானே கலுங்கு இருக்கு. மிஞ்சின தண்ணி மட்டும் மறுகால் போகும். லாக்ரொட்டேட் செய்வதும் அதே வேலைதான். ஓடுகிற லாகுக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கும், புது ஃபைல் திறக்கும், எழுதுகிற புரோகிராமுக்கும் தகவல் சொல்லும், பழையதைச் சுருக்கி வைக்கும், ஆகப் பழையதை மட்டும் அழிக்கும்.

ஆனால் கலுங்கு இருந்தால் மட்டும் போதாது. அதை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதில்தான் ஊர்ச் சண்டையே வரும். உயர்த்தினால் உள்வாயில் நிலம் வைத்திருப்பவரின் பயிர் முங்கும். தாழ்த்தினால் ஆயக்கட்டுக்குத் தண்ணி பத்தாது. அவ்வளவு பேசி முடிவு செய்கிற விஷயம் அது. நம்ம சர்வரில் அந்த உயரத்தை முடிவு செய்தது யார்? யாரும் இல்லை! உபுண்டு போட்டதும் வாரம் ஒருமுறை, நாலு பழைய ஃபைல் என்று தானாக வருகிறது. யாரும் அதைத் தொடுவதில்லை.

நான் டிப்ளமோ படித்த இடத்தில் நடந்தது இது. சீனியர் அக்கா ஒருத்தருடைய ப்ராஜெக்ட் ஃபோல்டர் மொத்தமாகக் காணாமல் போனது. ரிவியூ அன்றைக்குத்தான் தெரிந்தது. தேதியைப் பார்த்தால் ஆறு வாரத்துக்கு முந்தியே அழிந்திருக்கிறது. "நீயே அழிச்சிட்டு கதை சொல்றியாம்மா?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் அவர் அக்கவுன்ட்டில் எந்த மெஷினிலிருந்து நுழைந்தார்கள் என்று லாகின் லாக் சொல்லியிருக்கும். ஆனால் லாக் ஒரு மாசத்துக்குச் சற்றுக் கூடத்தான் இருந்தது. எந்தத் தப்பும் இல்லாமல் லாக்ரொட்டேட் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அக்கா ராத்திரி பகலா உட்கார்ந்து முழுக்கத் திரும்ப எழுதினார். பழி மட்டும் அப்படியே நின்றது.

ஒரு செமஸ்டர் நாலைந்து மாசம். புகார் வருவது பெரும்பாலும் கடைசியில். நாலு வார லாக் அதுக்கு எந்த மூலைக்கு? 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகள், டேட்டா சென்டர்கள், அரசு அமைப்புகள் எல்லாம் அதில் அடக்கம். நம்ம லேப் அதில் வருமா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். கணக்கு மட்டும் நமக்கும் பொருந்தும்: வாரம் ஒன்று வீதம் 26 ஃபைல், 182 நாள்.

இடம் பத்தாது என்பது சாக்குதான். லாக் வெறும் எழுத்து, ஜிஜிப்பில் நன்றாகச் சுருங்கும். அதுக்காகக் காலம் முழுக்க வைத்திருக்கவும் வேண்டாம். யார் எத்தனை மணிக்கு லேபில் இருந்தார்கள் என்பது மூணு வருஷம் கழித்து எவர் கையிலும் இருக்கத் தேவையில்லை.

ஒன்று கவனியுங்க. மெயின் கான்ஃப் ஃபைலில் எண்ணை மாற்றினால் மட்டும் நடக்காது. உபுண்டுவில் ஆர்சிஸ்லாக்குக்குத் தனி ஃபைல் இருக்கிறது, அதில் இருக்கிற எண்தான் லாகின் லாகுக்குச் செல்லும். நான் இரண்டையும் எழுதி எங்க லேப் சாரிடம் கொடுத்திருக்கிறேன். "பாக்கலாம்ப்பா" என்றார். அடுத்த செமஸ்டர் தொடங்க இன்னும் மூணு வாரம் இருக்கு.