குருவா, நீதிபதியா?

சென்ற மாதம் என் மனைவியின் தமையனார் வந்திருந்தார். அவருடைய மகன் பேட்டைச் சதுரங்கக் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. வாரந்தோறும் தோற்றுவிட்டுத்தான் வீடு திரும்புகிறான். "இருப்பதிலேயே பலமான கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் எது, மாப்பிள்ளை? விலையைப் பற்றிக் கவலையில்லை" என்றார்.

பலமானது வேண்டுமாம்! பலத்துக்கு இன்று விலையே இல்லை, ஐயா. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வெல்ல ஐ.பி.எம். கம்பெனி டீப் ப்ளூ என்று ஒரு தனி யந்திரத்தையே கட்ட வேண்டியிருந்தது. இன்று அதைவிட வல்லதான ஸ்டாக்ஃபிஷ், காலணாச் செலவில்லாமல் கைபேசியில் ஓடுகிறது. பையனுடைய கைபேசியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

அவன் குறித்து வைத்திருந்த ஆட்டங்களைப் பார்த்தேன். பத்தில் எட்டு ஆட்டம், காவலில்லாமல் விட்ட காயாலோ, எதிரியின் குதிரை ஒரே சமயத்தில் இரண்டு காய்களைத் தாக்கியதாலோ போனவை. ஓர் ஆட்டத்தைக் காட்டி, "இங்கே எதை நகர்த்தியிருக்க வேண்டும்?" என்றேன். சரியாகச் சொன்னான். "ஏன்?" என்றேன். "அது சொல்லுது, மாமா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த யந்திரம் ஓர் எண்ணைச் சொல்லும். ஓர் அம்புக்குறியைப் போடும். காரணம் சொல்லாது. அது நீதிபதி, குருவல்ல. தீர்ப்பை மனப்பாடம் செய்பவன் சட்டம் படித்தவனாகிவிடுவானா?

"பலத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். அப்படிக் குறைத்த யந்திரங்கள் பல, பத்து நகர்த்தல் மேதையைப் போல ஆடிவிட்டுத் திடீரென்று ராணியைத் தானம் கொடுத்துவிடும். மனிதன் அப்படியா தவறுகிறான்? ஆசையால் தவறுகிறான், அவசரத்தால் தவறுகிறான். மனிதர்களின் ஆட்டங்களைப் பயின்று அவர்களைப் போலவே ஆடும் மையா என்ற மென்பொருள் 2020-இல் வந்திருக்கிறது. எதிரியாக அதை வைத்துக்கொள்ளட்டும். லிச்செஸ் தளத்தில் புதிர்கள் வகைவகையாக இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் இருபது நிமிஷம், ஒரு வகையை மட்டும் போடட்டும். ஸ்டாக்ஃபிஷ் கடைசியில் வரட்டும்: தான் ஏன் தோற்றோம் என்று பையன் தன் கையால் எழுதி முடித்த பிறகு.

இது யந்திரத்தை வெறுக்கும் கிழவனின் புலம்பல் அல்ல. 1948-இல் உலக சாம்பியனான பொட்வின்னிக் மின்பொறியாளர். யந்திரத்துக்குச் சதுரங்கம் கற்பிக்கவே பல வருஷம் பாடுபட்டவர். அவரே, ஆட்டக்காரன் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார்.

"மச்சான், பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. நோட்டின் விலை மிகவும் குறைவு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.