ஓட்டாத வண்டிக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்கு ஒரு கார் உறை போட்டபடி நிற்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் கிளம்பினால் ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். உறையின் மேல் புங்க இலை குவியும், அடியில் பூனை குட்டி போடும். அப்படி ஒரு காருக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; பால் கணக்கைக்கூடத் தேதி போட்டு எழுதி வைப்பவர். போன முறை அவர் கிளம்பும்போது, "ரெண்டு மாசத்துல இன்சூரன்ஸ் முடியுதே சார்" என்றேன். "ஓட்டாத வண்டிக்கு எதுக்குப்பா இன்சூரன்ஸ்? வந்து கட்டிக்கலாம். ஆறு வருஷமா ஒரு ரூபா க்ளெய்ம் வாங்கல. அம்பது பர்சன்ட் போனஸ் என் பேருல இருக்கு, அது எங்க ஓடிப்போகும்?" என்றார்.

ஓடித்தான் போனது. ஏழு மாதம் கழித்து வந்து புதுப்பிக்கப் போனால், ஐம்பது பூஜ்யமாகியிருந்தது. கூடவே, ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் படம் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் பாலிசி தருவோம் என்ற நிபந்தனையும்.

இந்த நம்பிக்கைக்கு முதல் குற்றவாளி அந்தப் பெயர்தான். 'போனஸ்' என்றதும் நமக்குத் தீபாவளி போனஸ் ஞாபகம் வருகிறது: உழைத்தாயிற்று, நம் கணக்கில் ஏறியாயிற்று, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நோ க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி.) அப்படிப்பட்டதே அல்ல. அடுத்த பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடி அது. பிரீமியமே கட்டாதபோது எதில் தள்ளுவது? பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் ஏணியில் நின்ற படி நமக்கு. 91ஆம் நாள் தரைக்கு வந்துவிடுவோம். அந்த 90 நாளையும் பலர் சலுகைக் காலம் என்கிறார்கள். அதுவும் தப்பு. போனஸுக்குத்தான் அந்தத் தவணை. அந்த நாட்களில் வண்டிக்கு எந்தக் காப்பும் கிடையாது.

ஏணி என்றேன் அல்லவா? க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. இதுவும் ஓன் டேமேஜ் எனப்படும் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும். தேர்ட் பார்ட்டி தொகையில் ஒரு காசு குறையாது. சாரின் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்றும், அது மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். அவர் 4,000 கட்டிக்கொண்டிருந்தார். இனி 8,000, அடுத்து 6,400, 6,000, 5,200, 4,400 என்று இறங்கி, ஆறாம் ஆண்டில்தான் பழைய நாலாயிரம் வரும். கூடுதலாகப் போவது 10,000 ரூபாய். பாலிசி இல்லாமல் கிடந்த ஐந்து மாதத்தில் அவர் மிச்சம் பிடித்தது? தேர்ட் பார்ட்டியையும் சேர்த்து, வரிக்கு முன் மூவாயிரத்துச் சொச்சம். கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, ஓட்டாத வண்டிக்கு ஆபத்தில்லை என்பதாவது உண்மையா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலையே சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களைப் புரட்டிப் போட்டது. அந்தத் தண்ணீர் இது ஓடுகிற காரா, ஷெட்டில் நிற்கிற காரா என்று பார்க்கவில்லை. வெள்ளம், தீ, திருட்டு, முறிந்து விழும் மரம் எல்லாம் நிற்கிற வண்டியைத் தேடித்தான் வரும். ஓட்டுகிறவனாவது மேட்டுக்கு ஏற்றி நிறுத்துவான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சாருக்குக் கோபம் வரலாம். சாவி அவர் மச்சினரிடம் இருந்தது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை மச்சினர் வண்டியை எடுத்து, வேலூர் ரோட்டில் கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு ரவுண்டு போய் வருவார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த சொந்தக்காரர்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதும் அதே வண்டிதான். மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவுக்கு அந்த ரவுண்டும் ஓட்டம்தான். பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. யார் மீதாவது மோதியிருந்தால் இழப்பீடு சாரின் ஓய்வூதியத்திலிருந்து போயிருக்கும்.

சார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். காரை விற்றுவிட்டு, போனஸைத் தக்கவைக்கும் சான்றிதழை நிறுவனத்திடம் வாங்கி வைத்தால், அதே வகையில் வேறு வண்டி வாங்கும்போது மூன்று ஆண்டு வரை அது செல்லும். போனஸ் வண்டியோடு போவதில்லை, ஆளோடு போவது. பழைய கார் வாங்கும்போது "போனஸோடத்தான் தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டில் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியவர் திரும்பி வந்து, அந்த பாலிசி முடிந்த மூன்று ஆண்டுக்குள் இங்கே கேட்டாலும் பழைய மோட்டார் டாரிஃப் விதிப்படி தரலாம். ஆக, விற்றவனுக்கு மூன்று ஆண்டு, வீட்டில் பத்திரமாக நிறுத்தியவனுக்கு 90 நாள். இரண்டு பேருமே ஓட்டவில்லை, க்ளெய்மும் கேட்கவில்லை. இந்த விதியை எழுதியவரை ஒருநாள் பார்த்தால் கேட்க வேண்டும். ஆனால் விதி கோணல் என்பதற்காக அது நம் மீது பாயாமல் இருக்கப் போவதில்லை.

இங்கேதான் ஏஜென்டுகளின் கைங்கரியம். "போனஸ் அம்பதுன்னே டிக் பண்ணிடலாம் சார், யாரு பாக்கப்போறா?" க்ளெய்ம் வரும்போது பார்ப்பார்கள். பழைய நிறுவனத்திடம் விசாரித்து, சொன்னது பொய் என்று தெரிந்தால் சொந்தச் சேதத்துக்கான பலன் முழுக்கப் பறிபோகும். 'என்.சி.பி. புரொடெக்ட்' என்று தனிக் காசுக்கு விற்பதும் இதற்கு உதவாது. அது க்ளெய்ம் கேட்டாலும் போனஸைக் காக்கும். புதுப்பிக்க மறந்தவரைக் காக்காது.

குறைவாக ஓட்டுகிறவருக்கு வழி இல்லாமல் இல்லை. ஓட்டிய கிலோமீட்டருக்கேற்பப் பிரீமியம் வாங்கும் திட்டங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022இல் அனுமதித்தது. வண்டியைக் கராஜில் நிறுத்திவைக்கும் காலத்துக்கு விபத்துக் காப்பை நிறுத்தி, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பிரிவு பழைய மோட்டார் டாரிஃபில் உண்டு. கவுன்டரில் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், கேளுங்கள். எதுவுமே வேண்டாமென்றால், சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி செல்போனில் ஐந்து நிமிடத்தில் புதுப்பிக்கலாம். பேத்தி படத்தை அனுப்பத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையா?

சார் அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறார். நேற்று ஏஜென்டை வரச்சொல்லி, பாலிசி முடிய மூன்று வாரம் இருக்கும்போதே பணம் கட்டினார். ரசீதை என்னிடம் நீட்டி, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: 20 சதவீதம். "முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். உறையைப் போடப் போனால் அடியில் மறுபடி குட்டிகள்.