முன்பணமும் முதல் தகவல் அறிக்கையும்

செங்கல் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்தி வடதமிழகத்தில் புதிதல்ல. அதன்பின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்போர் குறைவு. பல வழக்குகள் முதல் தகவல் அறிக்கை எழுதப்படும் நாளிலேயே வலுவிழக்கின்றன என்கிறோம்.

“முன்பணம் வாங்கிக்கொண்டு தானாகத்தானே வந்தார்கள்” என்பது முதலாளி தரப்பின் வாதம். காவல் நிலையமும் அதை ஏற்று, கூலித் தகராறாகச் சுருக்கிவிடுகிறது. ஆனால் மிரட்டியோ ஏமாற்றியோ சுரண்டலுக்காக ஆள் சேர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி மனிதக் கடத்தல். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அங்கே பொருட்டல்ல. ஒருவருக்கு மேற்பட்டோரைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை நீளலாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 மட்டும் பதிவானால் உச்ச தண்டனை 3 ஆண்டு, அபராதம் 2,000 ரூபாய்.

குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாதபோது, கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவின்படியும் குற்றமாகும். அப்பிரிவு சேர்ந்தால் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். தீருதவித் தொகை உண்டு. பிணை மனுவில் பாதிக்கப்பட்டோரின் குரல் கேட்கப்பட வேண்டும். ஒரு பிரிவு விடுபட்டால் இத்தனையும் பறிபோகின்றன.

சாதிச் சான்றிதழ் இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர். கொத்தடிமை விடுதலைச் சான்றிதழை வழங்குபவரும் அவரே. ஒரே மேசையில், ஒரே நாளில் இரண்டையும் வழங்க என்ன தடை?

ஒன்றிய அரசின் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கிடைக்கும்; முழு மறுவாழ்வுத் தொகையோ வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுபட்டால் குடும்பம் பசிக்கிறது. அடுத்த பருவத்தில் மேஸ்திரி மீண்டும் முன்பணத்தோடு வாசலில் நிற்கிறார்.

ஆகவே நாம் கோருவது: மீட்பு நாளிலேயே மூன்று சட்டங்களின் பிரிவுகளும் ஒரே அறிக்கையில் இடம்பெற வேண்டும். மறுவாழ்வுத் தொகையை வழக்கின் முடிவுக்காக நிறுத்திவைக்கக் கூடாது. கடமை தவறும் அதிகாரிகள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பாய வேண்டும். இவற்றில் பெரும்பகுதிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை எழுதும் பேனா போதும்.