மின்னும் காந்தமும் தமிழறியாவோ?

அம்பத்தூர்த் தொடர்வண்டி நிலையத்தில் நாள்தோறும் காலையில் மாணவர் பலர் மின்தொடர்வண்டியை எதிர்நோக்கி நிற்கின்றனர். அவர்தம் தலைக்குமேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட்டு மின்னழுத்தம் உள்ளது. வண்டியிலுள்ள மின்மாற்றி அவ்வழுத்தத்தைக் குறைத்து, வண்டியை இழுக்கும் மின்னோடிகளுக்கு ஏற்றதாக்கித் தருகின்றது. ஒரு கம்பிச்சுருளில் மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டம், அதனைத் தொடாமல் அருகிருக்கும் மற்றொரு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றது. இதுவே மின்காந்தத் தூண்டல். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த இவ்வுண்மையால் இயங்கும் வண்டியிலேறித்தான் அம்மாணவர் கல்லூரிக்குச் செல்கின்றனர். ஆனால், கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் அமர்ந்ததும், அதே உண்மை அவருட் பலர்க்கு எட்டாக் கனியாகி விடுகின்றதே, ஏன்?

அவர்கள் அறிவிலிகளா? அல்லர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை மின்னூட்டம், மின்புலம், காந்தப்பாயம், தூண்டல், அலைநீளம் என்று தெளிவுறப் பயின்று தேறியவர்களே. நேற்றுவரை தூண்டல் என்று உணர்ந்ததனை இன்று ‘இண்டக்சன்’ என்று கேட்கின்றனர். பாயம் என்று உணர்ந்ததனைப் ‘பிளக்சு’ என்று கேட்கின்றனர். ஐயம் எழுந்தால் வினவ வாயெழுவதில்லை. ஆங்கிலத்தில் பிழைபட வினவி நகைப்புக்கிடமாவதினும் வாளாவிருத்தலே நன்றென்று வாளாவிருக்கின்றனர். அவ் வாய்வாளாமையை அறியாமை என்று கணக்கிட்டு மதிப்பெண் இடுகின்றது நம் கல்வி. இதனினும் பெருங்கொடுமை வேறுண்டோ?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இவ்வூர்களை யாம் இங்குச் சுட்டுவது வாளாவன்று. ஆவடியில் 1961-இல் போரூர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை எழுந்தது. அன்று தொட்டு இப்பகுதி மக்கள் பொறிகளோடே வாழ்கின்றனர். எரிந்துபோன மின்னோடியைப் பிரித்து, பழஞ்சுருளை அறுத்தெடுத்து, சுற்றுகளை எண்ணிப் புதுச்சுருள் கட்டும் தொழிலாளியின் விரல்களுக்குக் காந்தவியல் புதிதன்று. சுற்றெண்ணிக்கை மாறினால் என்னாகும் என்பதை அவர் கையறிவாக அறிவார். தந்தையின் கையறிவும் மகளின் நூலறிவும் ஒரே மொழியிற் பேசுமாயின், அவ்வீட்டில் அறிவியல் தழைத்து வளராதோ? இடையில் ஆங்கிலம் சுவராக நிற்பதனாலன்றோ, தந்தையின் தொழில் வேறு, மகளின் பாடம் வேறு என்றாகிவிட்டது!

பாரடேயும் ஒரு கொல்லரின் மகனே. நூல் கட்டும் கடையில் தொழில் பயின்றவர், உயர்கணக்கியல் கல்லாதவர். தாம் கண்ட புதுப்பொருள்களுக்குப் பெயர் வேண்டியபொழுது, 1834-இல் கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் இயூவெல் என்பாரிடம் கேட்டார். அவர் கிரேக்க வேர்களினின்று ஆக்கித் தந்தவையே ‘அனோடு’, ‘கேத்தோடு’ ஆகிய சொற்கள். முன்னதற்கு மேல்வழி, பின்னதற்குக் கீழ்வழி என்பதே வேர்ப்பொருள். ஆங்கிலேயனுக்கும் அன்று அவை புதுச்சொற்களே. கேட்டளவில் பொருள் விளங்காதவையே. ‘ஆங்கிலத்தில் சொல்லிருக்கின்றது, தமிழில் இல்லை’ என்று நாணமின்றிப் பேசும் நம் படித்த பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் சொல் இருந்ததில்லை, ஆக்கிக்கொண்டனர். நாமும் ஆக்கிக்கொண்டோம். நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்னும் நம் சொற்களோ கேட்ட அளவிலேயே பொருள் விளங்குவன.

இன்னும் பார்ப்போம். நொடிக்கு எத்துணை முறை அதிர்கின்றது என்னும் எண்ணிக்கையே அதிர்வெண். நம் இல்லங்களுக்கு வரும் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50. பெயரே விளக்கமாக நிற்கின்றது. ஊசற் பலகையை அதன் போக்கறிந்து, உரிய வேளையில் தள்ளினால் வீச்சு பெருகுவது போல், அதிர்வோடு அதிர்வு ஒத்தலால் விளைவது ஒத்ததிர்வு. மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பது மின்தேக்கி. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டவனுக்கு மின்தேக்கியை விளக்க நெடுநேரம் வேண்டுமோ? ஏரியின் முழுக்கொள்ளளவு 3,645 பேராயிரம் கன அடி. பேராயிரமாவது பத்து இலக்கம். நீர்மட்டத்தின் முழுவுயரம் 24 அடி. தேங்கிய நீர் மின்னூட்டம் போன்றது. நீர்மட்டத்தின் உயரம் மின்னழுத்தம் போன்றது. ஏரியின் பரப்பு மின்தேக்குதிறன் போன்றது. பரப்பு மிகுந்தால் அதே உயரத்தில் மிகுதியாக நீர் தேங்கும். மின்தேக்குதிறனை மின்னழுத்தத்தாற் பெருக்க மின்னூட்டம் கிடைக்கும் என்னும் வாய்பாடு ஏரிக்கரையிலேயே விளங்கிவிடும்.

‘உயராய்வு நூல்கள் ஆங்கிலத்தில் அல்லவா உள்ளன?’ என்பர். உள்ளன, மறுக்கவில்லை. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். ஆயின், கருத்தைத் தாய்மொழியில் உணர்ந்தவன் அதற்குரிய அயற்பெயரைச் சில நாள்களில் மனங்கொள்வான். அயற்பெயரை மட்டும் மனப்பாடஞ் செய்தவனோ கருத்தை என்றுமே எட்டான்.

இது முடியாத முயற்சியுமன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860-களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் பயிற்றினார், நூல்களும் வெளியிட்டார். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் பயிற்றுமொழியாயிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்குரிய அறிவியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் பொறியியக்கவியலையும் தமிழில் பயிற்றத் தொடங்கியது. அதே ஆண்டில், தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. ஆயினும், 2023 மே திங்களில் அப்பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பெழுந்தபின் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சேர்வோர் குறைவென்று சொல்லப்பட்டது. தனியார் தொழிலகங்களின் கதவு தமிழுக்கு அடைபட்டிருக்கையில் சேர்வோர் எங்ஙனம் மிகுவர்? வாழ்வோடு பிணையாத கல்வியை எந்தப் பெற்றோர் விரும்புவர்?

பழியை அரசின்மேல் மட்டும் சுமத்திவிட்டு அமைதல் நமக்கு அழகன்று. மேடையில் தமிழை முழங்கும் நம்மில் எத்துணைப் பேர் ஓர் இயற்பியல் இயலையேனும் தமிழில் எழுதினோம்? ஈங்கு மின்தேக்கி என்கின்றோம். ஈழத்தில் கொள்ளளவி என்கின்றனர். இரண்டும் நற்றமிழே. ஆயினும், ஒரு பொருளுக்குப் பல சொல் நின்றால் மாணவன் இடர்ப்படுவான். இரு நாட்டறிஞரும் கூடி ஒருமைப்பாடு காணவேண்டாவா?

எனவே, யாம் கேட்பவை இவை: முதலாண்டு மின்னியல், காந்தவியல், அலையியல் வகுப்புகளில் விளக்கம் தமிழிலும் தரப்பெறல் வேண்டும். வினாவைத் தமிழிற் கேட்கவும் விடையைத் தமிழில் எழுதவும் மாணவர்க்குத் தடையிருத்தல் கூடாது. இருமொழிச் சொற்பட்டியல் ஒன்று முதல் நாளிலேயே ஒவ்வொரு மாணவர் கையிலும் இருத்தல் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இயற்பியல் கற்ற அன்பர்கள் ஞாயிறுதோறும் தத்தம் ஊர்ப் படிப்பகத்தில் இரண்டு மணிநேரம் அமர்க! ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்கலம், ஒரு திசைகாட்டி ஊசி இவை போதும். மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்தவூசி திரும்புவதை 1820-இல் ஓர்சுட்டெடு கண்டார். அதனை அம்பத்தூர்ப் பிள்ளை தன் கண்ணாற் கண்டு, தன் மொழியாற் சொல்லட்டும்! வாயடைத்து அமர்ந்திருக்கும் அப்பிள்ளை எழுந்துநின்று வினவும் நாளே தமிழ் அறிவியல்மொழியாகும் நாள். அந்நாளை விரைந்து கொணர்வோம்!