லேசரைத் தடுக்காதீர், கணக்கைக் கேளுங்கள்

அறிவியல் கண்காட்சிக்கு நம் தர்மபுரி மாவட்ட மாணவியர் விரும்பிச் செய்யக்கூடிய கருவிகளுள் லேசர் எச்சரிக்கை மணியும் ஒன்று. "கண்ணுக்கு ஆபத்து, பெண் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று தடுக்கும் பெற்றோரும் உண்டு. அச்சம் நியாயமே, தடை நியாயமன்று.

1962இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழுவினர் இயக்கிக் காட்டிய லேசர் டயோடு மிக மென்மையானது. பேட்டரியை நேரே இணைத்தால் சூடேறும், சூடேற ஏற மின்னோட்டம் பெருகும், நொடியில் கெட்டுவிடும். ஆகவே மின்னோட்டத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கு எல்.எம்.317 என்ற சிறிய ஐ.சி. போதும். 1.25 வோல்ட்டைத் தேவையான மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 25 மில்லி ஆம்பியருக்கு 50 ஓம்; கடையில் 51 ஓம் கேளுங்கள். (ஓம் விதி தேர்வுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?)

முதலில் லேசருக்குப் பதிலாக மூன்று சாதாரண சிலிக்கன் டயோடுகளைத் தொடராக இணைத்து மல்டிமீட்டரில் அளவிடுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, மின்தேக்கியில் மிஞ்சிய மின்னூட்டத்தையும் இறக்கிவிட்டே லேசரைச் சால்டர் செய்யுங்கள். அந்த மிச்சமே பல டயோடுகளுக்கு எமன்!

விழித்திரைக்கு வலி தெரியாது; எனவே காயம்பட்டதும் தெரியாது. பள்ளிக்கு 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட கதிரே போதும். பழைய டி.வி.டி. ரைட்டரில் கழற்றிய டயோடு 100 மில்லிவாட்டைத் தாண்டக்கூடும். அதை வாயிலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கதிர் முழங்கால் உயரத்தில் சென்று கறுப்பு அட்டையில் முடியட்டும். பார்க்க வரும் சின்னத் தங்கைகளின் கண்மட்டம் தாழ்வானது.

கண்காட்சியை மேற்பார்வையிடும் அருட்சகோதரியருக்கு ஒரு வேண்டுகோள். கருவி ஒளிர்கிறதா என்று பார்க்குமுன், மின்தடைக் கணக்கை எழுதிக்காட்டச் சொல்லுங்கள்.